எந்தக் கடற்கரைக்குப் போவது: சென்னை மணல்வெளிகளின் வரலாறு

எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து கோவளம் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்குச் சென்னையின் கரை வடக்கு தெற்காக, பெரிய வளைவு எதுவும் இல்லாமல் ஓடுகிறது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, முட்டுக்காட்டு உப்பங்கழி ஆகிய நான்கும் அதை இடையிடையே வெட்டுகின்றன. மற்ற இடமெல்லாம் மணலாக இருக்க வேண்டிய கரை இது. ஆனால் மாலையில் கடற்கரைக்குப் போக நினைக்கும் நகரவாசியின் மனத்தில் எழும் பெயர்கள் சிலவே: மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை, விடுமுறை நாளென்றால் கோவளம். எல்லாமே துறைமுகத்துக்குத் தெற்கே உள்ளவை. 150 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இப்படிப் பட்டியல் போட்டிருந்தால் வடக்கே இருக்கும் எண்ணூர் அதில் இடம்பெற்றிருக்கும். மெரினா என்ற பெயரே இருந்திருக்காது. பட்டியல் இப்படித் தலைகீழானதற்குக் காரணம் மக்களின் ரசனை மாறியது மட்டும் அன்று. கரையின் மணலே இடம் மாறியிருக்கிறது.

இந்தக் கரைக்கு ஊர் மக்கள் கூட்டமாகப் போன மிகப் பழைய காரணம் நீராடல். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம் அவ்வூரின் விழாக்களை மாதவாரியாக அடுக்கும்போது மாசி மாதக் கடலாட்டையும் சேர்த்தே சொல்கிறது. அந்த வழக்கம் இன்னும் அறுபடவில்லை. மாசி மகத்தன்று திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் உற்சவர் தீர்த்தவாரிக்காகக் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் விடியற்காலையிலேயே தர்ப்பணம் கொடுக்க வருபவர்களால் மெரினாவின் நீரோரம் நிறைகிறது. இப்படி வருபவர்களுக்கு எந்தக் கடற்கரை என்ற கேள்வியே எழாது. மயிலாப்பூர், திருவான்மியூர், திருவொற்றியூர் எல்லாம் கடலை ஒட்டி வளர்ந்த கோயில் ஊர்கள். அவரவர் ஊர்க் கரைக்கு அவரவர் போனார்கள். கபாலீசுவரர் கோயிலே முன்பு கடலோரத்தில் இருந்தது, போர்த்துகீசியர் சாந்தோமில் குடியேறிய பிறகே உள்ளே தள்ளி இன்றைய இடத்தில் எழும்பியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

நீராடலுக்கு வெளியே, கரை முழுவதும் உழைப்பின் இடமாகவே இருந்தது. குப்பத்துக்குக் குப்பம் கட்டுமரங்கள் மணலில் ஏறிக் காய்ந்தன. பெரிய வலையை ஊரே சேர்ந்து இழுத்தது. 1639-இல் கிழக்கிந்திய கம்பெனி இங்கே ஒரு மணல் துண்டைப் பெற்றுக் கோட்டை கட்டியபோது அதற்கும் இந்த உழைப்பே கைகொடுத்தது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் கரை சேர வேண்டியிருந்தது. ஆணி இல்லாமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. கரையோர அலை அறையும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகளால் அந்த அலை வரிசையைத் தாண்ட முடியவில்லை. கவர்னரானாலும் எழுத்தரானாலும் சென்னையில் கால் வைப்பதற்கு முன் மீனவர் கையில் உயிரை ஒப்படைத்தே ஆக வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நகரத்தின் வணிகத்தைத் தாங்கிய அந்தப் படகோட்டிகளுக்குக் கரையில் உரிய நினைவுச்சின்னம் ஒன்று எழாதது பெரிய குறை.

அந்தக் காலத்து வெள்ளையர்கள் மாலைக் காற்றுக்குக் கடற்கரையைத் தேடவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனவான்களும் சீமாட்டிகளும் குதிரை வண்டிகளில் கூடிய இடம் மவுண்ட் ரோட்டில் இருந்த கார்ன்வாலிஸ் நினைவு மண்டபம். கடல், கறுப்பர் நகரம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனின் கரையை அரித்துக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கக் கல் அரண் எழுப்ப வேண்டியிருந்தது. ஓய்வுக்காக ஊருக்கு வெளியே போக விரும்பியவர்கள் வடக்கே எண்ணூருக்குப் போனார்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் படகு விடத் தோதான உப்பங்கழி, நடுவே பங்களாக்கள். வசதி படைத்த மதராஸ் ஐரோப்பியருக்கு விடுமுறைத் தலமாக நெடுங்காலம் விளங்கியது அந்த எண்ணூர்.

இந்த வரைபடத்தைப் புரட்டிப் போட்டது துறைமுகம். முதலில் 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கோட்டைக்கு வடக்கே அமைந்தது. திறந்த கடலில் நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பாலத்தால் கப்பல்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆகவே 1870-களின் நடுவில் இரு பெரும் கற்கரங்களைக் கடலுக்குள் நீட்டி, இடையில் அமைதியான நீர்ப்பரப்பை உருவாக்கும் வேலை தொடங்கியது. 1881 நவம்பரில் வந்த புயல் அந்தக் கட்டுமானத்தைப் பெருமளவு சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கு நோக்கி இருந்த நுழைவாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயில் திறக்கும் பெரிய மாற்றம், துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது.

அதற்குள் கடல் தன் கணக்கைத் தொடங்கிவிட்டிருந்தது. சோழமண்டலக் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் நீண்ட மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடைக் காலத்தில் அது தெற்கே திரும்பினாலும் அந்தக் காலம் குறுகியது. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் நிகரமாக மணல் வடக்கு நோக்கியே போகிறது. அந்தப் பயணத்தின் குறுக்கே துறைமுகத்தின் கற்கரம் விழுந்தது. தெற்கிலிருந்து வந்த மணல் அதன் காலடியில் தங்கத் தொடங்கியது. கோட்டைச் சுவரை நெருங்கியிருந்த கடல் விலகியது. திருவல்லிக்கேணிக் கரை ஆண்டுக்கு ஆண்டு அகன்றது. கூவத்தின் வாயில் மணல் திட்டு வளர்ந்து ஆற்றின் மூச்சை அடைத்தது. துறைமுகத்துக்கு வடக்கே, வரவேண்டிய மணல் வராமல், அலைகள் இருந்த மணலையும் எடுத்துக்கொண்டு போயின. ராயபுரத்தில் அரிப்பு ஆரம்பித்தது. மெரினாவின் அகலமும் வடசென்னையின் கரை இழப்பும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள். சென்னைக் கடற்கரைகளைப் பற்றி அறிய வேண்டிய முதல் செய்தி இது. சுற்றுலாக் கையேடுகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இந்த மாற்றத்தின் தடம் இரண்டு இடங்களில் தெளிவாகத் தெரிகிறது. கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்குபவருக்கு இன்று கடல் தெரியாது; எதிரே இருப்பது துறைமுக மதில். அந்த ராஜாஜி சாலையின் பழைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். ஒரு காலத்தில் அலை அதன் ஓரத்தில்தான் அடித்தது. மற்றொன்று ஐஸ் ஹவுஸ். 1842-இல், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியிலிருந்து கப்பலில் வந்த இயற்கைப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. கரையில் இறக்கியதும் உருகுவதற்குள் உள்ளே கொண்டுபோக ஏதுவாகக் கடலுக்கு அருகில் கட்டினார்கள். 1897-இல் விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடத்துக்கும் அலைக்கும் இடையே இப்போது பரந்த மணல்வெளி கிடக்கிறது.

விரிந்துகொண்டிருந்த அந்த மணலை நகரத்தின் உலாவிடமாக மாற்றியவர் 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப். 1884-இல் கரையோரமாக நடைபாதை அமைத்து, சிசிலித் தீவில் தாம் கண்ட கடலோர வீதிகளின் நினைவில் அதற்கு மெரினா என்று பெயரிட்டார். சாலையின் மறுபுறம் ஏற்கெனவே தகுந்த பின்னணி அமைந்திருந்தது: 1768-இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை, மாநிலக் கல்லூரி, சிஷோம் வடிவமைத்த செனட் ஹவுஸ். 1909-இல் இங்கே மீன் காட்சியகம் ஒன்று திறந்தது. 1914-இல் ராணி மேரி கல்லூரி வந்தது. கல்லூரி மாணவர்கள், வக்கீல்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் என்று ஒரு புதிய கூட்டம் மாலை நேரத்தில் மணலில் உட்காரப் பழகியது. 1930 ஏப்ரலில் மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது, பெட்டி வாங்க வசதியற்றவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையில் ஒலிபெருக்கிகளை வைத்தது. கச்சேரிக்குச் சீட்டு வாங்க முடியாதவர் மணலில் அமர்ந்து இலவசமாகச் சங்கீதம் கேட்டார். மெரினாவை ஏழைக்கும் உரியதாக ஆக்கியவற்றில் இதற்கு நிச்சயம் பங்கு உண்டு.

அரசியல் அதைவிடப் பெரிய பங்கு ஆற்றியது. ஆயிரக்கணக்கானோர் கூடப் போதுமான, வாடகை இல்லாத இடம் நகரத்தில் இது ஒன்றே. 1907 மே மாதம் தேசியத் தலைவர் விபின் சந்திர பாலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தொடர்ந்து உரையாற்றினார். அந்த வருகைக்குப் பின்னால் நின்று உழைத்தவர்களில் பாரதியும் ஒருவர். கூட்டங்கள் நடந்த பகுதிக்குத் திலகர் திடல் என்ற பெயர் நிலைத்தது. 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தின விழாவை ம. சிங்காரவேலர் இரண்டு இடங்களில் நடத்தினார்: உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறக் கடற்கரையும் திருவல்லிக்கேணிக் கடற்கரையும். சிங்காரவேலர் பிறந்தது அந்தக் கரையையே ஒட்டிய அயோத்தியா குப்பத்து மீனவர் குடும்பத்தில். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959-இல் அதே கரையில் எழுந்தது மிகப் பொருத்தம்.

1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர், ஔவையார், கண்ணகி, கம்பர், வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப், பாரதியார், பாரதிதாசன் முதலியோரின் சிலைகள் சாலையோரம் வரிசையாக நின்றன. அடுத்த ஆண்டு அண்ணா இங்கே அடக்கம் செய்யப்பட்டார். 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் ஜெயலலிதா, 2018-இல் கருணாநிதி. வெளியூர்களிலிருந்து பேருந்துகளில் வருபவர்களுக்கு மெரினா என்றால் முதலில் சமாதிகள், பிறகே கடல். கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டுப் பெரும் சர்ச்சைக்குப் பின் 2006-இல் திரும்பியது. ஒரு சிலைக்காக மாநிலமே வாதாடியதிலிருந்து இந்தக் கரையின் எடை விளங்கும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் லட்சக்கணக்கில் திரண்டு பல நாள் தங்கியதும் இதே மணலில்தான். அதன்பின் அரசு இங்கே போராட்டங்களை அனுமதிப்பதில்லை. 2018-இல் விவசாயிகள் தரப்பு நீதிமன்றம் வரை சென்றும் இடம் கிடைக்கவில்லை. நூறாண்டுக்கும் மேலாகப் பொதுக்கூட்டத் திடலாக இருந்த கரையை வெறும் பொழுதுபோக்கு இடமாகச் சுருக்குவது வரலாற்றுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

பொழுதுபோக்கு இடமாக அதன் உச்சம் காணும் பொங்கல். அன்று குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றோடு வருபவர்களால் மணல் தெரியாது. காணாமல் போனால் தேடிச் சேர்க்க வசதியாகக் குழந்தைகளின் கையில் காவல் துறையினர் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டுகிறார்கள். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, வறுத்த மீன், ராட்டினம், குதிரை சவாரி, பலூன் சுடுதல் என்று ஒரு தனிப் பொருளாதாரமே அங்கு இயங்குகிறது. ஆனால் நீரில் இறங்குவதற்கு ஏற்ற கடல் இது அன்று. கரை சட்டென்று ஆழமாகிறது. திரும்பும் அலையின் இழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. காணும் பொங்கலன்று நீரோரம் முழுக்கத் தடுப்பு கட்டுவது இதனால்தான். மணலின் அகலம் முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் வேறொரு தடை. 2022 நவம்பரில் அவர்கள் அலை வரை போக மரப்பாதை ஒன்று திறந்தது; சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பின்னர் சீரமைத்தார்கள்.

மெரினாவின் தென்பாதியில் நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், சீனிவாசபுரம் போன்ற மீனவர் குடியிருப்புகள் தொடர்ந்து இருக்கின்றன. 1985-இல் கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அரசு அகற்ற முனைந்தபோது மீனவர்கள் எதிர்த்தனர். அந்த ஆண்டு டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிர்கள் பலியாயின. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி முதலில் அறைந்ததும் இவர்களுடைய வீடுகளைத்தான். காலை நடைக்கு வருபவரின் கடற்கரையும் வலை உலர்த்துபவரின் கடற்கரையும் ஒரே மணல் என்ற உண்மையை நகரம் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

அடையாற்றுக்குத் தெற்கே கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டில் தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்த எட்வர்ட் எலியட்டின் பெயரைத் தாங்கும் எலியட்ஸ் கடற்கரை, ஊரிலிருந்து ஒதுங்கி இருந்ததால் நெடுநாள் பெரும்பாலும் ஐரோப்பியர் குளிக்க வரும் இடமாக இருந்தது. அங்கே தனித்து நிற்கும் வெள்ளை வளைவு, 1930 டிசம்பரில் பிறரைக் காப்பாற்றப் போய் மூழ்கிய ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவரின் நினைவாக எழுந்தது. அருகில் ஊரூர், ஆல்காட் குப்பங்களும் 1882 முதல் பிரம்மஞான சபையின் தோப்புகளும் இருந்தன. 1970-களில் வீட்டு வசதி வாரியம் அன்னி பெசன்ட் பெயரில் பெசன்ட் நகர்க் குடியிருப்பை உருவாக்கிய பிறகே அது நடுத்தர வர்க்கத்தின் கடற்கரை ஆனது. 1972-இல் வேளாங்கண்ணி மாதா ஆலயமும் 1976-இல் அஷ்டலட்சுமி கோயிலும் வந்தன. மெரினாவின் நெரிசல் வேண்டாம் என்பவர்களும் கல்லூரி இளைஞர்களும் இங்கே வந்தார்கள். கடைகளும் அவர்களுக்கேற்ப மாறின. ஆற்றின் முகத்துவாரத்தில் மீனவர் கடப்பதற்காக 1960-களில் கட்டிய பாலம் 1977-இல் இடிந்து, உடைந்த பாலம் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது.

இன்னும் தெற்கே போவது பேருந்தைவிடச் சொந்த வண்டியைச் சார்ந்த பழக்கம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் கிராமத்தை அமைத்தபோது அது சவுக்குத் தோப்பும் மணல்மேடும் நிறைந்த ஒதுக்குப்புறம். கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்ற பிறகு நீலாங்கரை முதல் உத்தண்டி வரை பங்களா மதில்கள் எழுந்தன. கடலுக்குப் போகும் சந்துகள் குறைந்தன. கடற்கரை பொதுச்சொத்து என்றாலும் அதை அடையும் வழி இல்லாதபோது அந்த உரிமைக்குப் பொருள் குறைந்துவிடுகிறது. இந்தக் கரையில்தான் பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பகத்தில் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆமைக்குத் தேவை இருள். வீடுகளின் விளக்கொளி குஞ்சுகளைச் சாலைப் பக்கம் திருப்பிவிடுகிறது.

கோவளம் ஒரு காலத்தில் வணிகத்துறை. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிக நிறுவனமான ஆஸ்டெண்ட் கம்பெனி இங்கே வியாபாரம் செய்தது. ஆற்காட்டு நவாபின் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1752-இல் கிளைவிடம் வீழ்ந்தது. கோட்டை இருந்த பகுதியில் 1974-இல் உல்லாச விடுதி வந்தது. 2010-களில் மீனவ இளைஞர்கள் முன்னின்று அலைச்சறுக்கு விளையாட்டை வளர்த்தார்கள். 2021-இல் இந்தக் கரை நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. நீரின் தூய்மை, பாதுகாவலர், கழிப்பறை என 33 நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் அது கிடைக்கும். நீரில் இறங்கவும் விரும்பும் குடும்பத்துக்கு மெரினாவைவிடக் கோவளம் பொருத்தம் என்ற இன்றைய கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

வடக்கே நிலைமை எதிர்த்திசையில் போனது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் மீன் வாங்கும் இடமாகப் புகழ்பெற்றது. உட்கார மணல் இல்லை. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் தெருக்களையே விழுங்கியதால் கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். எண்ணூரில் 1970-இல் அனல் மின் நிலையம் வந்தது. 2001-இல் புதிய துறைமுகம் திறந்தது. சாம்பல் கழிவு உப்பங்கழியில் படிந்தது. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெய் கரை நெடுகப் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. மதராஸ் ஐரோப்பியர் படகு விட்ட நீர்ப்பரப்பில் மீனவர்கள் வாளிகளால் எண்ணெயை அள்ள வேண்டியிருந்தது.

அண்மைக் காலத்தில் இப்பகுதியில் தூண்டில் வளைவுகள் எனப்படும் கல் தடுப்புகளை வரிசையாகக் கடலுக்குள் நீட்டியிருக்கிறார்கள். அவற்றின் தென்பக்கங்களில் மணல் சேர்ந்து சிறு கரைகள் உருவாகியுள்ளன. அக்கம்பக்கத்து மக்கள் அங்கே மாலையில் கூடுகிறார்கள். ஒவ்வொரு தடுப்பும் தான் பிடித்த மணலைத் தனக்கு வடக்கே உள்ள ஊருக்குத் தராமல் நிறுத்திக்கொள்கிறது. ராயபுரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அரிப்பு இவ்வாறு படிப்படியாக எண்ணூரைக் கடந்து, காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.